பேஞ்சோ படித்த வீம்பு

பேஞ்சோ என்றதும் வெள்ளைக்காரன் கழுத்தில் மாட்டிக்கொண்டு அடிக்கிற வட்டத் தோல் வாத்தியத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கம் பேஞ்சோ என்றால் அது வேறு. கை நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி. அதன் மேல் இழுத்துக் கட்டிய கம்பிகள். கம்பிகளுக்கு மேல் வரிசையாகப் பொத்தான்கள். இடது கையால் பொத்தானை அமுக்கிக்கொண்டு வலது கையால் கம்பியைச் சுரண்டினால் சத்தம் வரும். நான் கையில் எடுத்த புதிதில் வந்ததைச் சத்தம் என்றுதான் சொல்ல வேண்டும். வேறு பெயர் கொடுத்தால் பொய். புல்புல்தாரா என்று நாகரிகமாகச் சொல்கிறவர்களும் உண்டு. என் மாமியார் அதற்கு வைத்த பெயர் சனியன் பொட்டி.

எனக்கும் அதன்மேல் ஆசை ஒன்றும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்தே சங்கீதத்தில் நாட்டம், கேள்வி ஞானம் என்றெல்லாம் எழுதுகிறார்களே, அந்த வகை இல்லை நான். முப்பது தாண்டி, களை பறித்துப் பறித்து விரல் காய்த்துப்போன பிறகு, வெறும் வீம்புக்குப் படித்தது அது.

குளத்தூர் தாலுகாவில் எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், இல்லாவிட்டால் வரகு. என் வீட்டுக்காரர் கலியாணமான மறுவருஷமே பினாங்குக்குக் கப்பலேறினார். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், ஒரு மாதம் இருப்பார், போய்விடுவார். கடைசியாக வந்தபோதுதான் இந்தப் பேஞ்சோவைக் கொண்டுவந்தார். ஜப்பானில் செய்தது, மூடியில் பூப்போட்டு என்னவோ எழுதியிருந்தது. நாலைந்து நாள் டொய்ங் டொய்ங் என்று தட்டிப் பார்த்தார். அலுத்துவிட்டது. பரணில் போட்டுவிட்டுக் கப்பலேறினார். எதையும் அவர் அப்படித்தான் செய்வார். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பிறகு சண்டை வந்தது. மலாய் நாடு முழுவதும் ஜப்பான்காரன் கையில் போயிற்று. சிங்கப்பூர் விழுந்த பிறகு ஒரு கடுதாசிகூட வரவில்லை. அந்தச் சீமைக்குப் போன ஆண்களில் யார் இருக்கிறார், யார் போனார் என்று ஒருவருக்கும் தெரியாது. இரண்டு வருஷம் இப்படியே போனது. என் மாமியார் கோடாங்கியிடம் குறி கேட்கப் போனார். அவன் உடுக்கையை அடித்துக்கொண்டு, "ஒம் மகன் தண்ணியில கெடக்கான். தாகம் தாகம்னு கேக்குறான். காரியம் பண்ணாம அலைய விட்டுட்டியே ஆத்தா" என்று சொல்லிவிட்டான். அந்தப் பாவி போகிற போக்கில் சொன்னது எங்கள் வீட்டில் வந்து விடிந்தது.

உடல் கிடைக்காதவனுக்கு வைக்கோலில் ஓர் உருவம் கட்டி, அவன் வேட்டியைப் போர்த்தி, கருமாதி செய்வது எங்களில் வழக்கம். அப்படிச் செய்துவிட்டால் அதற்குப் பிறகு பேச்சே கிடையாது. என் தாலி இறங்கும். நான் அண்ணன் வீட்டு அடுப்படிக்குப் போய், ஒரு வாய்ச் சோற்றுக்கு அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். என் கொழுந்தனாருக்கும் அவசரம். அண்ணன் காரியம் முடியாமல் தொங்குகிற வீட்டில் யார் பெண் கொடுப்பார்கள்? அம்மாவும் மகனுமாக ஒரே பிடியாக நின்றார்கள். அந்த மனுஷன்மேல் எனக்கு உருக்கம் பொங்கி வழிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரோ ஒரு கோடாங்கி உடுக்கையடித்துச் சொன்னான் என்று என் கழுத்தில் கிடப்பதைக் கழற்றித் தர நான் என்ன கிறுக்கியா?

ஒரு நாள் களத்திலிருந்து வீட்டுக்கு வந்தால், கருமாதியில் தானம் கொடுப்பதற்காக மாமியார் அவருடைய சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். சட்டை, குடை, செருப்பு, பேஞ்சோ. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. குனிந்து பேஞ்சோவை உருவி எடுத்தேன்.

"அத வையி" என்றார் மாமியார்.

"இது எனக்கு வேணும் அத்தே."

"ஒனக்கு எதுக்குடி?"

"வாசிக்க."

"ஒனக்கு வாசிக்கத் தெரியுமா?"

"படிச்சுக்கிருவேன்."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். சொன்ன வாயை மூட முடியாதே. கொழுந்தனார் தூணில் சாய்ந்துகொண்டு, "மதினி இனிமே கச்சேரிதான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லையென்றால் நான் அதை மறுநாளே பரணில் போட்டிருப்பேன்.

படிப்பது யாரிடம்? எங்கள் ஊரில் சுரம் தெரிந்த ஒரே ஆள் மந்தை ஓரத்தில் கடை போட்டிருந்த ஆப்பக்காரி. நாடகத்தில் ராணி வேஷம் கட்டி, ஆர்மோனியமும் வாசித்தவர். கம்பெனி கலைந்ததும் இங்கே ஒதுங்கிவிட்டார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். அவர் சுட்ட ஆப்பத்தை ஊரே தின்னும். ஆனால் அவர் கடைப் படியை எந்தக் குடும்பப் பெண்ணும் மிதிக்க மாட்டாள். நான் பட்டப்பகலில் பேஞ்சோவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடுத்தெருவில் நடந்து போய் அந்தப் படியை மிதித்தேன். ஜப்பான்காரன் பொட்டியை வைத்துக்கொண்டு கூத்தாடிச்சி வீட்டுக்குப் போகிறாள் என்று நான் படியேறுவதற்குள் ஊர் முழுக்கச் செய்தி.

"என்னத்தா வேணும்?" என்றார் ஆப்பக்காரி, கரண்டியைக் கீழே வைக்காமல்.

"இதப் படிக்கணும் அக்கா."

"யாருக்கு வாசிக்கப் போற?"

"எங்க மாமியாளுக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப ஒக்காரு" என்றார்.

இரக்கப்பட்டுச் சொல்லிக் கொடுத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அம்மாளுக்கு இரக்கம் கிடையாது. ஊர்மேல் இருந்த கடுப்பையெல்லாம் என் விரல்மேல் காட்டினார். பொத்தானை அமுக்கும் கையும் கம்பியைச் சுண்டும் கையும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். எனக்கு ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். முந்தினால் கம்பி 'டப்' என்று செத்துப்போகும், பிந்தினால் இரையும். "பொத்தான அமுக்கச் சொன்னா எரும சேத்துல எறங்குற மாதிரி எறங்குற. வெரலா அது?" என்பார். "பொட்டி சரியில்லக்கா" என்று ஒருநாள் சொல்லித் தொலைத்தேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அடுத்த கடைக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார். "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமாம்பாக. ஒன் வெரலு சுடுகாட்டுலயும் வளையாது."

எனக்கு அழுகை வராது, ஆத்திரம்தான் வரும். வீட்டுக்கு வந்து, களத்து வேலை முடித்து, சாயங்காலம் வாசல் பக்கம் உட்கார்ந்து அதே ஏழு சுரத்தையும் மேலும் கீழும் இழுப்பேன். தெருவில் போகிறவர்கள் காதைப் பொத்துவார்கள். எதிர்வீட்டுக்காரி மாடு மிரளுகிறது என்று சண்டைக்கு வந்தாள். கம்பியைச் சுண்டுகிற துண்டை ஒருநாள் காணவில்லை. கொழுந்தனார் வேலைதான் அது. கேட்டால் விட்டத்தைப் பார்த்தார். மாடக்குழியில் மாமியாரின் கொம்புச் சீப்பு இருந்தது. அதன் ஓரத்துத் தடித்த பல்லை ஒடித்து எடுத்துக்கொண்டேன். முன்பிருந்ததைவிட அது நன்றாகச் சுண்டியது. மறுநாள் மாமியார் தலைசீவும்போது போட்ட சத்தத்தைப் பேஞ்சோவில் கொண்டுவர யாராலும் முடியாது.

சுரம் ஓரளவுக்கு ஏறியதும் ஆப்பக்காரி ஒரு மெட்டுச் சொல்லிக் கொடுத்தார். எங்கள் பக்கத்துத் தாலாட்டு. எல்லாருக்கும் தெரிந்த மெட்டில்தான் தப்பு வந்தால் உடனே தெரியும் என்றார். பிள்ளை இல்லாதவளுக்குத் தாலாட்டா என்று எனக்குச் சுருக்கென்றது. அவர் அதையெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தத் தாலாட்டை முதல் தடவையாகத் தொடக்கத்திலிருந்து கடைசிவரைக்கும் நிற்காமல் வீட்டில் வாசித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமியார் உள்ளே புளி குத்திக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு பொத்தானாகத் தேடித் தேடி அமுக்கினேன். புதிதாகப் படிக்கிறவள் வேறு எப்படி வாசிப்பாள்? இழுத்து இழுத்து, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தத்தித் தத்தி, நடுவில் மூச்சு வாங்கி. தப்பில்லாமல் வருகிறதே என்று எனக்கே ஆச்சரியம். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன்.

யாரோ என் தோளைக் கட்டிப்பிடித்தார்கள். கண்ணைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரி, தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, "போயிட்டாகளாத்தா, ஒன்ன விட்டுட்டுப் போயிட்டாகளா" என்று ஓலம் வைக்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் மாரில் அடித்துக்கொண்டு தெருவிலிருந்து ஓடி வருகிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரோ செத்துவிட்டார்கள் என்று பதறி, "யாரு செத்தது? யாரு?" என்று கேட்டேன்.

"நீதானத்தா ஒப்பாரி வச்ச" என்றாள் ஒருத்தி.

"நான் எங்கடி ஒப்பாரி வச்சேன்? தாலாட்டுல்ல வாசிச்சேன்."

"புள்ளையில்லாத வீட்டுல யாருக்குத் தாலாட்டு?"

 எங்கள் பக்கத்தில் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் மெட்டு அக்கா தங்கை மாதிரி. கொஞ்சம் இழுத்துவிட்டால் தொட்டில் பாடையாகிவிடும். இது எனக்கும் தெரியும், தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. பினாங்கிலிருந்து தகவல் வந்துவிட்டது, இவள் வாயால் அழ மாட்டாமல் கம்பியால் அழுகிறாள் என்று அவர்களாகவே முடிவு கட்டி ஓடி வந்திருக்கிறார்கள்.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். எங்கள் பங்காளிகளுக்குள் ஒரு கட்டு உண்டு. ஆண் செத்தால் முதல் அழுகை பெண்டாட்டியுடையது. அவள் வாயைத் திறந்த பிறகுதான் மற்றவர்கள் கட்டிக்கொண்டு அழலாம். அவள் அழாமல் இழவு தொடங்காது, கருமாதிக்கு நாள் குறிக்கவும் முடியாது. இத்தனை நாளும் மாமியாரின் கையைக் கட்டிப்போட்டிருந்தது அதுதான். நான் அழ மாட்டேன் என்று கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவர்கள் காத்திருந்தார்கள்.

உள்ளேயிருந்து மாமியார் புளி அப்பிய கையோடு வந்தார். கட்டிப்பிடித்திருந்த பெண்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேஞ்சோவைப் பார்த்தார்.

"வாய் அழுதா என்ன, கம்பி அழுதா என்ன" என்றார். "மொத அழுகை அவகிட்டருந்து வந்துருச்சு. நீங்க எல்லாரும் சாட்சி."

கத்தினேன், சண்டை போட்டேன், பேஞ்சோ அழுததெல்லாம் அழுகையா என்று பங்காளி வீடு வீடாகப் போய்க் கேட்டேன். பெரிய பங்காளி, பரம்பரைக்கே மூத்தவர், தாடியைச் சொறிந்துகொண்டு யோசித்தார். கட்டிப்பிடித்து அழுதாயிற்றே, இனி எப்படி இல்லை என்பது என்றார். வருகிற அமாவாசைக்கு நாள் குறித்துவிட்டார்கள். பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டணும் என்பார்கள். வெட்டுவதற்கு என்னிடம் அரிவாள் இல்லை. இந்தப் பாழாய்ப்போன பெட்டிதான் இருந்தது.

ஆப்பக்கடைக்கு ஓடினேன். நடந்ததைச் சொன்னதும் அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். எனக்கு அந்தக் கரண்டியைப் பிடுங்கி அவர் தலையிலேயே போடலாம் போலிருந்தது.

"கும்மி சொல்லிக் குடுங்க" என்றேன். "கும்மி அடிச்ச வாசல்ல அன்னைக்கு எழவு கொட்டக் கூடாதுல்ல."

"நடக்கவே தெரியல, ஓடப் போறியாக்கும்."

"ஓடித்தான் ஆகணும்."

"மெதுவாக் கும்மி வாசிச்ச, அதுவும் ஒப்பாரியாத்தான் கேக்கும். வேகம் வரலேன்னா ஒம் புருசன நீயே பாடையில ஏத்துன மாதிரி."

"அதுனாலதானே ஒங்ககிட்ட வந்தேன்" என்று நானும் கத்தினேன். அன்றைக்குத்தான் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அந்த நாட்கள் எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. களத்துக்குப் போகவில்லை. மாமியார் சோறு போடவில்லை. ஆப்பக்காரி தீய்ந்த ஆப்பத்தை என் பக்கம் தள்ளிவிடுவார். முதலில் விரலைப் பார்க்காமல் அமுக்கப் பழக்கினார். என் கண்ணில் துணியைக் கட்டிவிட்டு, தப்பான பொத்தானில் விரல் போனால் புறங்கையில் அகப்பைக் காம்பால் ஒன்று வைப்பார். பிறகு உரலில் உலக்கை போடச் சொல்லி, அந்தக் குத்துக்குத் தாளம் பிடிக்கச் சொன்னார். எனக்குத் தெரிந்த தாளம் அது ஒன்றுதான். கைக்குத்தல் அரிசிக்கு இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடும்போது யாரும் யோசித்துப் போடுவதில்லை. அதே மாதிரி இடது கை ஓர் உலக்கை, வலது கை ஓர் உலக்கை என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக இரண்டு கையும் சேர்ந்தன. விரல் நுனியில் கொப்புளம் உடைந்து பொத்தான் எல்லாம் பிசுபிசுத்தது. ஆப்பக்காரி தேங்காயெண்ணெய்யைப் பொத்தானுக்குப் போட்டார். என் விரலுக்குப் போடவில்லை.

"இப்ப வாத்தியமாக் கேக்குதா?" என்று கேட்டேன்.

"வாத்தியம்னு சொல்ல மாட்டேன். எழவுன்னும் சொல்ல முடியாது" என்றார். அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அது.

அமாவாசை காலையில் வாசலில் பலகை போட்டு வைக்கோல் உருவத்தைக் கிடத்தினார்கள். அவருடைய வேட்டியைப் போர்த்தினார்கள். பங்காளிகள் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். நாவிதரும் வண்ணாரும் ஓரமாகக் காத்திருந்தார்கள். பெண்கள் தலையை அவிழ்த்துக்கொண்டு வட்டமாக நின்றார்கள். நான் வந்து அந்த வைக்கோல்மேல் விழுந்து அழ வேண்டும், அதுதான் பாக்கி.

நான் மஞ்சள் பூசிக் குளித்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, எதிர்வீட்டு வேலியில் பறித்த கனகாம்பரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கொழுந்தனார் எழுந்து என்னை மறித்தார். "தொட்டீகன்னா தெரியும்" என்றேன். நகர்ந்துவிட்டார். உருவத்துக்குத் தலைமாட்டில் உட்கார்ந்து பேஞ்சோவை மடியில் போட்டேன்.

முதல் வரி பிசகியது. யாரோ 'ச்சூ' கொட்டினார்கள். ஒருத்தி என்னைக் கட்டிப்பிடிக்கக் கையை நீட்டினாள். முழங்கையால் இடித்துத் தள்ளினேன். திரும்பத் தொடங்கினேன். உலக்கையை மட்டும் நினைத்துக்கொண்டேன். இரண்டாம் சுற்றில் கை ஏறிவிட்டது. அதற்கப்புறம் நான் நிறுத்த நினைத்திருந்தாலும் நின்றிருக்காது. அத்தனை நாள் அடி வாங்கியது, பட்டினி கிடந்தது, தெருவே காறித் துப்பியது எல்லாம் சேர்த்துக் கம்பியை வெளுத்தேன். எதிர்வீட்டுக்காரியின் கால் தாளம் போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். புதுசாகக் கலியாணமாகி வந்த ஒரு மருமகள், தலைவிரி கோலத்தில் நின்றபடியே கையைத் தட்டிவிட்டாள். தட்டியதும் நாக்கைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். பக்கத்தில் இருந்தவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை யாரால் அடக்க முடிந்தது?

பெரிய பங்காளி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "கும்மிச் சத்தம் கேட்டுருச்சு, கையும் தட்டியாச்சு. இந்த வாசல்ல இன்னிக்கு எழவு கொட்டக் கூடாது. எந்திரிங்கப்பா" என்றார். வாசல்படி இறங்கும்போது திரும்பி, "அந்த வைக்கலத் தூக்கி மாட்டுக்குப் போடுங்க" என்றார்.

மாடு அதை முழுக்கத் தின்றது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஜெயித்துவிட்டேன் என்று தெருவுக்கே கேட்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது. உள்ளே மாமியார் சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தார். "ஏம் மகன் நாக்கு வறண்டு அலையுறான். ஒரு வாய்த் தண்ணி விட விடாமப் பண்ணிட்டியேடி பாதகத்தி" என்றார். அதில் சூது இல்லை. அந்த அம்மாளுக்கு மகன் தாகத்தோடு அலைகிறான் என்பது நிச்சயம். அது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்தாலும் நான் இறங்கி வரவில்லை. மறுபடி நாள் குறித்துவிடக் கூடாது என்று அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து கும்மியை வெளுப்பேன். கொழுந்தனாருக்கு எப்படியோ ஒரு பெண் கிடைத்துக் கலியாணமும் ஆயிற்று. அதற்கும் நான்தான் வாசித்தேன், யாரும் கேட்காமலே.

சண்டை முடிந்த மறுவருஷம் அவர் வந்தார். கீரனூரில் ரயிலிறங்கி, மாட்டு வண்டியில், எலும்பும் தோலுமாக. மாமியார் ஆரத்தி எடுக்கும்போது தட்டு கைநழுவிக் கீழே விழுந்தது. ஊரே திரண்டு வந்தது. அன்றைக்குத் தலையை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தவர்கள்தான் இன்றைக்கு என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். "தாலிப் பலம்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "பேஞ்சோ வாசிச்சே எமன வெரட்டிட்டா" என்றார் பெரிய பங்காளி. ராத்திரிச் சாப்பாட்டில் மாமியார் தன் கையால் ஒரு மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.  அதைக் கடைசிவரைக்கும் ஒதுக்கி வைத்திருந்து தின்றேன்.

மறுநாள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் அவர் உட்கார்ந்திருந்தபோது பேஞ்சோவை எடுத்து வந்து வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லா வேகமா வாசிக்கிற. அங்கிட்டு இத வாசிக்கிறவன் ஒருத்தன் இருக்கான், அவனுக்குக்கூட இந்த வேகம் வராது" என்றார். கலியாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை மெச்சிச் சொன்ன முதல் வார்த்தை அது. எனக்கு நிலைகொள்ளவில்லை. தாலாட்டு ஒப்பாரியான கதை, வைக்கோல் உருவம், கும்மி, மாடு தின்றது எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் தரையில் குச்சியால் கீறிக்கொண்டிருந்தார்.

"நீ விட்டுருக்கலாம்" என்றார்.

"எத?"

"கருமாதிய."

நான் பேஞ்சோவை மடியிலிருந்து இறக்கி வைத்தேன்.

"அங்கிட்டு ஒருத்தி இருக்கா. சண்டைக்கு முந்தியே. ரெண்டு புள்ளைக இருக்கு" என்றார். "கடுதாசி நின்னு போனதும், சரி, இங்கிட்டு நம்மளச் செத்துட்டான்னு முடிச்சிருப்பாக, காரியமும் பண்ணிருப்பாகன்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சதும் ஒரு நிம்மதியா இருந்துச்சு."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"ஆத்தாளப் பாக்க. நீ ஒங்கண்ணன் வீட்டுக்குப் போயிருப்பேன்னு நெனச்சேன்." குச்சியைப் போட்டுவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "அவுகதான் பண்றேன்னாகளே. ஏன் விடல?"

அடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.  பட்டினி கிடந்து, கூத்தாடிச்சி வீட்டுக்குப் போனவள் என்று பெயர் வாங்கி, அவரைப் பெற்றவளையே பகைத்துக்கொண்டு நான் காப்பாற்றி வைத்த உயிர் இத்தனை நாளும் வேறொருத்தி வீட்டில் சோறு தின்றுகொண்டு இருந்திருக்கிறது. அதற்கும் மேலே, ஏன் என்னைச் சாகடிக்கவில்லை என்று என்னையே கேட்கிறது.

மாமியாரிடம் சொன்னேன். முதலில் நான் பொய் சொல்கிறேன் என்றார். பிறகு, "நீ ஒரு புள்ளையப் பெத்துக் குடுத்திருந்தா அவன் ஏன் அங்கிட்டுத் தேடுறான்" என்றார்.

"நாலு வருசத்துக்கு ஒருக்கா பேயிற மழைக்கு எந்த நெலம் வெளையும் அத்தே?"

 மாமியார் எழுந்து போய் மகனிடமே கேட்டார். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அன்றைக்கு மாமியார் சாப்பிடவில்லை. அதன் பிறகு மகனுக்கு இலை போடுவார், சோறு வைப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். தாகத்தோடு அலைகிறான் என்று சுவரில் மோதிக்கொண்ட அதே மகன், எதிரே உட்கார்ந்து செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்குள் அவரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. சண்டையும் இல்லை. சண்டை போட்டுக்கொண்டிருந்த நாளே தேவலை என்று எனக்குத் தோன்றியது.

நாகப்பட்டினத்துக்குக் கப்பல் வருகிறது என்று தெரிந்ததும் அவர் கிளம்பினார். வண்டி வாசலில் நின்றது. அம்மா காலில் விழுந்து எழுந்தார். மாமியார் அவர் தலையைத் தொட்டார். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "போயிட்டு வாரேன்" என்றார்.

"போங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் வாசல் தாண்டுகிறவரிடம் யாரும் அப்படிச் சொல்வது கிடையாது. பக்கத்துக் கடைக்கு உப்பு வாங்கப் போகிறவரிடம்கூடப் போயிட்டு வாங்க என்றுதான் சொல்வோம். வெறும் போ என்பது பாடையில் போகிறவருக்கு. அவருக்கும் அது தெரியும். படியில் ஒரு காலும் மண்ணில் ஒரு காலுமாக நின்றார். மாற்றிச் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் சொல்லவில்லை. மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பழைய நாளாக இருந்தால் புறங்கையால் என் வாயிலேயே வைத்திருப்பார்.

"நேரமாச்சு. வண்டிக்காரன் நிக்கிறான்" என்று மகனிடம் சொன்னார்.